நாற்பது வருடம் கழித்து ஒரு சட்டி லாலா சூப்

கெடாவில் எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் மகளுக்குச் சனியும் ஞாயிறும். ஆக, மெர்கோங்கில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சனிக்கிழமை ஒரு நாள்தான். அன்றைக்கு என்ன சமைப்பது என்று வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்கிவிடும். இரண்டு மாதத்திற்கு முன்பு மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சூப், மேலே வாய் திறந்த நான்கு லாலா. "ஜார்ஜ்டவுன் கஃபேயில் சாப்பிட்டேன்மா. தக்காளி, கிரீம், லாலா. சின்னக் கிண்ணம்தான், விலையைச் சொன்னா திட்டுவீங்க. நீங்க செஞ்சு தருவீங்களா?" என்று கீழே எழுதியிருந்தாள்.

செய்யத் தெரியாது என்பது ஒரு பக்கம். பெரிய சிக்கல் வேறு. எங்கள் வீட்டில் ஓட்டோடு இருக்கும் எதுவும் அடுப்பேறாது. நண்டு, இறால் உண்டு. கெராங், லாலா, கெப்பா, கூப்பாங் எதுவும் கிடையாது. அம்மாவின் சட்டம் அது. அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. என்னோடுதான் இருக்கிறார். சட்டமும் அவரோடு மெர்கோங் வந்து சேர்ந்துவிட்டது.

சட்டம் வந்த கதை 1983-இல் தொடங்குகிறது. அப்போது நாங்கள் பீடோங் பக்கம் ஒரு கித்தா தோட்டத்து லயத்தில் இருந்தோம். சம்பள நாள் வந்தால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போவார். திரும்பும்போது ஹேண்டில்பாரில் ஒரு சாக்குப் பை தொங்கும். அதில் சேறு ஒட்டிய கெராங். அம்மா அவற்றைக் கழுவி ஒரு பேசினில் கொட்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஒரு புரட்டுப் புரட்டி வடித்துவிடுவார். அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். ஓட்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பாக இரத்தம் போல் நீர் நிற்க வேண்டும். மிளகாயும் புளியும் அரைத்த சம்பலில் தொட்டு, ஐந்தடி முற்றத்தில் உட்கார்ந்து, நாங்கள் மூவரும் ஓட்டைப் பிளக்கும் சத்தத்திலேயே பாதி இரவு போய்விடும்.

அந்த வருடம் ஒரு சம்பள நாள் போய் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தம்பிக்குக் காய்ச்சல். அடுத்து வாந்தி. அதற்குப் பிறகு கண்ணில் மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தோட்டத்துத் தண்ணீராலும் வந்திருக்கலாம், வேகாத கெராங்காலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ஞாபகம். அம்மாவின் காதில் இரண்டாவது பாதி மட்டும்தான் விழுந்தது. தம்பி தேறிவிட்டான். ஆனால் பல வாரம் பள்ளிக்குப் போகவில்லை, அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வையும் எழுதவில்லை. இன்று ஜொகூரில் லாரி வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அவனுக்கு ஒரு கஷ்டம் வரும்போதெல்லாம் அம்மா, "அன்னிக்கு நான் இன்னும் கொஞ்சம் வேக வெச்சிருக்கணும்" என்பார். அப்பா இறந்தபோதுகூட இதைச் சொல்லி அழுதார்.

இந்தப் பின்னணியில்தான் மகளின் படம் வந்தது. நான் அம்மாவிடம் நேராகக் கேட்கவில்லை. முதலில் நானே தெரிந்துகொள்வோம் என்று படிக்க ஆரம்பித்தேன்.

அம்மா பயந்ததில் அர்த்தம் இருக்கிறது என்பதுதான் முதலில் தெரிந்தது. ஓட்டுயிர்கள் நாளெல்லாம் தண்ணீரை உறிஞ்சி, அதிலிருப்பதை வடிகட்டித் தின்று வாழ்பவை. தண்ணீரில் மனிதக் கழிவு கலந்தால் அதிலுள்ள கிருமியும் அவற்றின் உடம்பில் சேர்ந்துவிடும். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெப்படைட்டிஸ் ஏ கிருமி அப்படித்தான் வருகிறது. 1988-இல் சீனாவின் ஷங்ஹாயில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஒரே குளிர்காலத்தில் இந்த நோய் பரவியது. காரணம், நம் கெராங்கின் நெருங்கிய உறவான ஓர் ஓட்டுயிர். அங்கேயும் அதன்மேல் வெந்நீரை ஊற்றி அரைவேக்காட்டில் சாப்பிடுவதுதான் வழக்கம். லயத்தில் அம்மா செய்த அதே முறை. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும் என்கிறது மருத்துவம். தம்பிக்கு ஒரு மாதம் கழித்து வந்தது கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் அதே கணக்கு தண்ணீருக்கும் பொருந்தும். ஒரே பேசினில் சாப்பிட்ட எனக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லையே. எது காரணம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கிருமி வெப்பத்தில் சாகும், ஆனால் ஓடு வாய் திறந்தால் மட்டும் போதாது. திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிப் புரட்டுவது சமையலே அல்ல.

இன்னொரு ஆபத்து எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலில் சில வகை நுண்பாசிகள் திடீரென்று பெருகும்போது அவற்றின் நஞ்சு ஓட்டுயிர்களில் சேர்கிறது. அது வெப்பத்தால் அழியாத நஞ்சு. 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் பகுதியில் கூப்பாங் சாப்பிட்டுச் சிலர் மருத்துவமனையில் சேர்ந்ததும், அங்கே கிடைக்கும் ஓட்டுயிர்களைச் சாப்பிட வேண்டாமென்று மீன்வளத்துறை அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், "நம்ம கடைக்காரர் நல்லவர்" என்றெல்லாம் பார்க்காதீர்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப் போனால் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு உட்காராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஓட்டுயிர் ஒவ்வாமை உள்ளவர்கள், யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குபவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பருப்பு ரசத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி சூப்புக்கு வருவோம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இந்தச் சூப்புக்குச் 'சவுடர்' என்று பெயர். அங்கே இதில் இரண்டு கட்சி உண்டு. பாஸ்டன் பக்கத்து நியூ இங்கிலாந்துக்காரர்கள் பாலும் உருளைக்கிழங்கும் போட்டு வெள்ளையாகச் செய்வார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பெயரில் வழங்கும் சவுடர் சிவப்பு, அதில் தக்காளி உண்டு, பால் கிடையாது. இந்தச் சண்டை சட்டமன்றம் வரை போயிருக்கிறது. 1939-இல் மேய்ன் மாநிலத்தில் கிளீவ்லண்ட் சிலீப்பர் என்ற உறுப்பினர், சவுடரில் தக்காளி சேர்ப்பதைச் சட்டவிரோதமாக்க வேண்டும் என்று மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இரண்டு கட்சியையும் ஒரே சட்டியில் சேர்ப்பவர்களும் உண்டு, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் பெயரில் அது வழங்குகிறது. என் மகள் கஃபேயில் குடித்தது அந்த வகை.

வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பனங்கிழங்கு ஒடியல் மாவில் நண்டும் இறாலும் மீனும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்களே, அதுவும் இந்த வகைதான்: கையில் கிடைத்த கடல் பொருள், கெட்டியாக்க ஒரு மாவு, புளிப்புக்கு ஒன்று. நம் வட்டாரத்திலேயே இதற்கு வெகு பழைய சாட்சி இருக்கிறது. முடா ஆற்றுக்குத் தெற்கே, கெப்பாலா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பா என்று ஓர் ஊர். குவார் என்றால் மேடு, நமக்குப் பழக்கமான குவார் செம்படாக்கில் வரும் அதே குவார். கெப்பா என்றால் மட்டி. மட்டி மேடு! கற்கால மனிதர்கள் தின்று போட்ட ஓடுகளே அங்கே மேடுகளாகக் குவிந்திருந்தன. 2017-இல் அங்கே ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, நல்லா வேக வைக்கணும்னு" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் பேச்சைத் தொடர்ந்தாரே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் முயற்சியை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்தேன். கெராங்கில் செய்தேன், அது தவறு. கெராங்குக்கு நம்மைப் போலவே சிவப்பு இரத்தம். நீர் முழுவதும் பழுப்பாகிப் பாலோடு சேர்ந்து ஒரு மண் நிறம் வந்தது. சம்பலுக்கும் சார் குவே தியாவுக்கும் கெராங்தான் சரி, பால் சூப்புக்கு ஆகாது. விலையும் முன்போல் இல்லை. 2010-இல் நாட்டில் 78,000 டன் அளவுக்கு விளைந்த கெராங், 2014-க்குள் 16,000 டன் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. அப்பா சாக்குப் பையில் வாங்கி வந்ததை இன்று நாம் பொட்டலத்தில் வாங்குகிறோம்.

நிறம் போனது சின்னக் குறை. பாலை ஊற்றியதும் திரிந்துவிட்டது. சட்டி முழுக்கப் பன்னீர்த் துகள் மாதிரி மிதந்தது. அதை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

தக்காளியும் பாலும் ஏன் சண்டை போடுகின்றன என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் செய்கிறோம் அல்லவா, தக்காளியின் புளிப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. சூடு ஏற ஏறக் கொஞ்சப் புளிப்பே போதும், பால் திரிந்துவிடும். உப்பு அதிகமானால் இன்னும் வேகம். இதைத் தடுக்க வழிகள் உண்டு. தக்காளியைத் தனியாக நன்றாக வதக்க வேண்டும். சூப்பில் கொஞ்சம் மைதா இருக்க வேண்டும், மாவு பாலின் புரதத்தைச் சுற்றி நின்று திரள விடாது. பாலைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, சூடாக்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கொதிக்கவே கூடாது. பாலின் வகையும் முக்கியம். சாதாரணப் பால் எளிதில் திரியும். கொழுப்பு அதிகமுள்ள கிரீமில் புரதம் குறைவு, அது தாங்கும். ஆனால் நம் வீட்டில் எப்போதும் இருப்பது தே தாரிக் கலக்க வாங்கும் சூசு சாயிர் டின். அது சூட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டது, விலையும் குறைவு. டின்னைத் திறக்கும் முன் படித்துவிடுங்கள், இனிப்புப் பால் டின்னும் பக்கத்திலேயே இருக்கும். தேங்காய்ப் பாலிலும் ஒரு முறை செய்து பார்த்தேன். ருசி அருமை, ஆனால் அம்மா வாசனையை வைத்தே, "என்ன, சொதி வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டார். அது சொதிதான்.

பொய் சொல்லாமல் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்த மாதிரி, பேத்தி கேட்கிறாள், லாலா வாங்கப் போகிறேன், நன்றாக வேக வைப்பேன் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் நானும் மகளும் கோலக்கெடாவுக்குக் கிளம்பியபோது முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். "வாய் பொளந்து கிடக்கிறதை வாங்காதே" என்றார். அவ்வளவுதான்.

அவர் சொன்னது சரி. உயிரோடு இருக்கும் லாலா ஓட்டை இறுக மூடியிருக்கும். லேசாகத் திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள், மூடிக்கொண்டால் வாங்கலாம். மூடாததும் ஓடு உடைந்ததும் வேண்டாம். முகர்ந்தால் கடல் வாசனை வர வேண்டும், சாக்கடை வாசனை வரக் கூடாது. வீட்டுக்கு வரும்வரை பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டாதீர்கள், மூச்சு முட்டிச் செத்துவிடும். லாலா கிடைக்காவிட்டால் கெப்பா வாங்கலாம். அதன் ஓடு கனம், அதனால் எடை கொஞ்சம் கூட்டி வாங்க வேண்டும்.

நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். ஓட்டோடு லாலா 1 கிலோ. நன்றாகப் பழுத்த கேமரன் மலைத் தக்காளி பெரிதாக 4. உருளைக்கிழங்கு 2, பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், இஞ்சி ஒரு துண்டு, டாவுன் சூப் தண்டும் இலையுமாக ஒரு கைப்பிடி, பிரிஞ்சி இலை 1. வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, மைதா 2 மேசைக்கரண்டி, சூசு சாயிர் முக்கால் கப், மிளகுத் தூள். உப்பைக் கையில் எடுக்க வேண்டாம். லாலாவின் நீரிலேயே கடல் உப்பு இருக்கிறது, கடைசியில் ருசி பார்த்துத் தேவைப்பட்டால் போடலாம்.

முதல் வேலை மணல் கக்க வைப்பது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. கடல் நீர் அளவு உப்பு அது. வெறும் குழாய்த் தண்ணீரில் போட்டால் ஓட்டை மூடிக்கொண்டு மணலை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அகலமான பாத்திரத்தில் பரப்பி, லாலா மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி, மேலே ஒரு துணியால் மூடி இருட்டாக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். எட்டிப் பார்த்தால் குழாய் போன்ற மூக்கை வெளியே நீட்டித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். என் மகள் ஒரு மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். பிறகு பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றாமல், கையால் அள்ளி எடுத்து ஓடோடு ஓடு உரசிக் கழுவ வேண்டும். சாய்த்து ஊற்றினால் அடியில் இருக்கும் மணல் மறுபடி மேலேயே வந்து விழும்.

இரண்டு கப் தண்ணீரில் இஞ்சியையும் இரண்டு பல் பூண்டையும் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டு, லாலாவைக் கொட்டி மூடுங்கள். தீ முழுதாக இருக்கட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடுகள் திறக்கும். திறந்ததும் நிறுத்தாமல் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இந்த இடத்தில் அம்மா அடுப்படிக்கு வந்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் ஆனதும் நான் தீயை அணைக்கப் போனேன், "இரு" என்றார். இன்னொரு இரண்டு நிமிடம் போனது. சதை கொஞ்சம் கெட்டியாகும் என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை.

வெந்த பிறகும் திறக்காதவற்றைக் கத்தி வைத்து நெம்பாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். மற்றவற்றின் சதையை எடுத்து மூடி வையுங்கள். அலங்காரத்துக்கு ஏழெட்டை ஓட்டோடு விடலாம். வெந்த நீர்தான் இந்தச் சூப்பின் உயிர், அதைக் கொட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் அசையாமல் தெளிய விட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அடியில் நிற்கும் கடைசி இரண்டு கரண்டியில் மணல் இருக்கும், அதில் ஆசைப்பட வேண்டாம்.

இனி சட்டியில் இரண்டு கரண்டி வெண்ணெய். பொடியாக நறுக்கிய வெங்காயம், மீதிப் பூண்டு, டாவுன் சூப் தண்டு, பிரிஞ்சி இலை போட்டு, நிறம் மாறாமல் வதக்குங்கள். மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறினால் பச்சை வாசனை போகும். வடித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள், தேவைப்பட்டால் இன்னொரு கப் வெந்நீர் சேர்க்கலாம். சிறு சதுரமாக வெட்டிய உருளைக்கிழங்கைப் போட்டு வேக விடுங்கள். கிழங்கு முழுதாக வேகும் முன் தக்காளியைச் சேர்க்கவே கூடாது. புளிப்பு சேர்ந்தால் கிழங்கு வேக மறுக்கும். சாம்பாரில் காய் வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் பிறகு முழிப்போமே, அதே கதை.

கிழங்கு வேகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் தக்காளி. வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, நறுக்கி, மீதி வெண்ணெயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பச்சை வாசனை போய் நெய் ஓரத்தில் பிரியும் வரை வதக்கி, ஆற விட்டு அரைத்து, வடிகட்டுங்கள். நாக்கில் வைத்துப் பாருங்கள். சுருக்கென்று புளித்தால் கால் தேக்கரண்டியில் பாதிக்கும் குறைவாகச் சமையல் சோடா போடுங்கள், நுரைத்து அடங்கும். அளவு கூடினால் சவக்காரம் மாதிரி இருக்கும், ஜாக்கிரதை. இந்தத் தக்காளியை உருளைக்கிழங்குச் சட்டியில் சேர்த்து ஐந்து நிமிடம் சிறு தீயில் விட்டு, அடுப்பை அணையுங்கள்.

பாலைத் தனிப் பாத்திரத்தில் ஆவி வரும் அளவுக்குச் சூடாக்குங்கள். சூப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பாலில் கலக்குங்கள். இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டி. புளிப்பைப் பால் பழகிக்கொள்ளும். இப்போது அந்தப் பாலைச் சட்டியில் மெல்ல ஊற்றிக் கலக்கினால் திரியாது. சிவப்பு மெதுவாக இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்க்கவே ஒரு தடவை செய்யலாம். லாலா சதையைப் போட்டு மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே ஏறிக்கொள்ளும். மிளகும் டாவுன் சூப் இலையும் மேலே. நீண்ட நேரம் வைத்துச் சூடாக்க வேண்டாம், அன்றே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள ரொட்டி பெங்காலியை நெருப்பில் வாட்டிக்கொடுத்தேன். சாதா பாண் ரொட்டியும் பரவாயில்லை.

அம்மாவுக்குப் பல் இல்லை. கட்டின பல்லைப் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டு வருடமாகக் கஞ்சி, ரசம், குழைந்த சோறு என்றே போகிறது. அதிலும் பாதியைத் தள்ளிவிடுவார். அவர் பங்கு லாலாவைத் தனியாக எடுத்துக் கொத்தமல்லி மாதிரி பொடியாக நறுக்கி, கிழங்கையும் மசித்துக் கிண்ணத்தில் வைத்தேன். சாப்பிடச் சொல்லவில்லை. பக்கத்தில் ரசச் சோறும் வைத்திருந்தேன், வேண்டாமென்றால் அதைச் சாப்பிடட்டும் என்று.

மகள் இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டு, "கஃபேயைவிட இது நல்லாருக்குமா" என்றாள். அங்கே அவ்வளவு லாலா போட மாட்டார்களாம். என் கணவர் மிளகாய்ப் பொடி கேட்டார். அவர் எதற்கும் கேட்பார்.

அம்மா முதலில் ரொட்டியின் ஓரத்தைச் சூப்பில் நனைத்து வாயில் வைத்தார். அப்புறம் கரண்டியை எடுத்தார். பேசவில்லை. கிண்ணத்தில் பாதி போனதும், "உங்கப்பா இதைக் குடிக்க மாட்டாரு. ரத்தம் இல்லையேன்னு கேப்பாரு" என்றார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பிறகு சொல்கிறேன் என்று சைகை காட்டினேன். அந்தச் சாக்குப் பை, சைக்கிள், ஓட்டைப் பிளக்கும் சத்தம் எதுவும் அவளுக்குத் தெரியாது. மாமாவுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தது என்றுகூட அன்றைக்குத்தான் சொன்னேன்.

சாயங்காலம் தம்பி வழக்கம்போல் ஜொகூரிலிருந்து போன் செய்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், காது மந்தம். சாப்பிட்டாச்சா, மழையா என்று பேசிவிட்டுச் சட்டென்று, "அக்கா இன்னிக்கு லாலா சூப் வெச்சா. ஏழு நிமிஷம் கொதிச்சுது, நான் பாத்தேன்" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தம்பி, "எனக்கு?" என்று கேட்டான்.

"தீபாவளிக்கு வா. உனக்குப் பத்து நிமிஷம்" என்றார் அம்மா.